எத்தனை வருஷம் ஓடும்?

சென்னையில் இருக்கிற என் அத்தை மகன் புரட்டாசி மாசக் கடைசியில் போன் பண்ணினான். சுசீந்திரத்தில் அவனுக்கு அம்மை வழியில் வந்த நாப்பது சென்ட் தென்னந்தோப்பு உண்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவான். புல்லு இடுப்பு உயரத்துக்கு நிக்கும். வெட்ட ஆள் தேடி அலைவான். ஆள் கிடைக்கிறதுக்குள்ள லீவு முடிஞ்சிரும்.

"அத்தான், புல்லு வெட்டுற மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டிரலாம்னு இருக்கேன். எத்தனை வருஷம் ஓடும்?"

"ரெண்டு வருஷமும் ஓடும், பன்னெண்டு வருஷமும் ஓடும்" என்றேன்.

கிண்டல் பண்றேன்னு நினைச்சு சிரிச்சுட்டு வச்சிட்டான். கிண்டல் இல்ல. அவன் கூப்பிட்ட நேரத்தில் நான் கோட்டாறில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். முன்னால் தரையில் சாக்கு விரிச்சு, அதுமேல என் பவர் டில்லர் எஞ்சின் பிரிச்சுக் கிடந்தது. அவன் கேட்ட அதே கேள்விக்குத்தான் எனக்கும் பதில் வேண்டியிருந்தது. அதுவும் அவசரமா.

அவசரம் ஏன்னு சொல்லணும். நாஞ்சில் நாட்டில் நெல்லு ரெண்டு பூ. கன்னி மாசம், அதாவது புரட்டாசியில், அறுக்கிறது கன்னிப்பூ. கும்ப மாசம், மாசியில், அறுக்கிறது கும்பப்பூ. கன்னிப்பூ அறுத்து, வைக்கோலை எடுத்து, வயலைத் தொளியாக்கி, கும்பப்பூ நடவு நட நடுவில் மூணு நாலு வாரம்தான் கையில் இருக்கும். நாத்தங்காலில் விதை பாவி பதினாலு நாள் ஆயிருந்தது. முதல் உழவு முடிஞ்சு, ரெண்டாம் உழவுக்கு டில்லரை இறக்கினா, எஞ்சின் பிடிக்க மாட்டேங்குது. என் வயல் போக, பக்கத்தில் மூணு பேர் என் டில்லரை நம்பி நாத்து பாவியிருந்தாங்க. நாத்துக்கு இருபத்தஞ்சு நாள் தாண்டினா நட்ட பிறகு தூர் கட்டுறது குறையும். நாத்துக்கு வயசு நாளில் ஏறும். எஞ்சினுக்கு வயசு மணியில் ஏறும். ரெண்டும் ஒரே நேரத்தில் முட்டிக்கிட்டு நின்னது.

மணின்னு சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்கிடறேன். டவுனில் காரும் பைக்கும் ஓட்டுறவங்களுக்கு கிலோமீட்டர் கணக்குதான் பழக்கம். வயலில் ஓடுற எஞ்சினுக்கு ஓடின மணிதான் கணக்கு. மணிக்கு சராசரி நாப்பது கிலோமீட்டர் போற காருன்னு வச்சா, மூவாயிரம் மணி என்பது 1,20,000 கிலோமீட்டர். ஆனா கார் எஞ்சினுக்கு நாலு சிலிண்டர் இருக்கும், எண்ணெயைச் சுத்தம் பண்ண ஃபில்டர் இருக்கும், பாதி நேரம் சும்மா உருண்டுக்கிட்டும் இருக்கும். வயலில் ஓடுறதுக்கு ஒத்தை சிலிண்டர். சின்ன பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானதுக்கு ஆயில் ஃபில்டரே கிடையாது. உள்ளே தேய்ஞ்ச இரும்புத் தூள் எல்லாம் அந்த எண்ணெயிலேயேதான் சுத்தும். அதை வெளியே எடுக்க ஒரே வழி, எண்ணெயை மாத்துறது.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சின்ன பெட்ரோல் எஞ்சின்களைத் தரம் பிரிச்சு வச்சிருக்கு. கையில் பிடிச்சு வேலை செய்யிற வகைக்கு 50, 125, 300 மணின்னு மூணு தரம். தரையில் நிக்கிற, உருள்ற வகையில் 225 சிசிக்குக் கீழே 125, 250, 500 மணி. அதுக்கு மேலே 250, 500, 1000 மணி. அத்தனை மணி வரைக்கும் புகை அளவு மீறக் கூடாது என்பதுதான் இதுக்கு அர்த்தம். அதோட எஞ்சின் செத்துப்போகும்னு அர்த்தம் இல்ல. ஆனாலும் செஞ்சவனே எந்த அளவில் நினைச்சுச் செய்யிறான்னு அதில் தெரியும். வீட்டுத் தோட்டத்துக்குன்னு செஞ்ச 50 மணி மிஷினை வாங்கி, கூலிக்கு நாள் முழுக்க ஓட்டினா, ஒரு மாசத்துக்குள்ள அந்தக் கணக்கைத் தாண்டியிருவோம்.

கோட்டாறு மெக்கானிக் அண்ணாச்சிக்கு எழுபதுக்குப் பக்கத்தில் வயசு. அவர் கணக்கு வேற. "மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின் காலத்துலேருந்து பாத்துக்கிட்டு வாரேன் மக்கா. முதுகுல தூக்குற டூ ஸ்ட்ரோக் ஐநூறு மணி ஓடினா கொள்ளாம்னு வச்சுக்கோ. களை எடுக்கிற வீடர் ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரம். டில்லர் டீசல் மூவாயிரம் தாண்டணும். தாண்டலேன்னா வச்சிருக்கவன்கிட்ட குத்தம்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பாத்துத்தான் சொன்னார்.

எங்க வீட்டுத் தோப்பு ஷெட்டில் பாட்டா காலத்து ஆயில் எஞ்சின் ஒண்ணு இன்னும் இருக்கு. இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929-ல் கொண்டுவந்த மாடலைப் பாத்து ராஜ்கோட்டில் வார்த்தது. ரெண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதிக்கு இரும்புச் சக்கரம். ஓடும்போது டொக், டொக்குன்னு ஒவ்வொரு வெடியையும் தனித்தனியா எண்ணலாம். நிமிஷத்துக்கு 650 சுத்துதான். 1990-ல் விவசாயத்துக்கு எல்லாருக்கும் இலவச மின்சாரம்னு ஆனதுக்கு அப்புறம் கிணத்தில் மோட்டார் வந்தது, இதுக்கு ஓய்வு கிடைச்சது. நீண்ட மின்வெட்டு வந்தா இப்பவும் கிளப்புவோம். முதல் தடவை சுத்தும்போது ரெண்டு பேர் வேணும், அப்புறம் சாயங்காலம் வரை நிக்காது.

நகரத்து நண்பர்கள் இதைப் பாத்தா "அந்தக் காலத்துப் பொருளே தனி" என்பாங்க. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க. 650 சுத்துன்னா மணிக்கு 39,000. டில்லர் நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் வச்சா மணிக்கு 1,20,000. புல்லு வெட்டுற மிஷின் நிமிஷத்துக்கு ஏழாயிரம், மணிக்கு 4,20,000. பாட்டாவோட எஞ்சின் கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம் சுத்துற சுத்தை, இந்த மிஷின் ஒரு மணி நேரத்தில் சுத்திமுடிக்குது. ஆனா பாட்டா எஞ்சினை ஷெட்டை விட்டு நகர்த்த எட்டுப் பேர் வேணும். புல்லு மிஷினைத் தோளில் மாட்டிக்கிட்டு வரப்பில் நடக்கலாம். கனத்தைக் குறைச்சு அதே சக்தி வேணும்னா வேகமாச் சுத்தித்தான் ஆகணும். ஆயுசு அந்த விலையில் போகுது. இது ஏமாத்து வேலை இல்ல. நாமதான் கனம் குறைஞ்சது வேணும்னு கேட்டோம்.

கேட்டபிறகு அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்கணும். அங்கேதான் கோளாறு. சொந்தக் கதையைச் சொல்றேன். நாலு வருஷத்துக்கு முன்னால் வாழைக்கு மருந்தடிக்க முதுகில் மாட்டுற பவர் ஸ்பிரேயர் ஒண்ணு வாங்கினேன். டூ ஸ்ட்ரோக். அதுக்குத் தனியா எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊத்துற எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும். வீட்டில் அப்ப ரெண்டு கேன். ஒண்ணில் எண்ணெய் கலந்த பெட்ரோல், இன்னொண்ணில் புல்லு மிஷினுக்கான வெறும் பெட்ரோல். ரெண்டும் ஒரே வெள்ளைக் கேன். ஒருநாள் காலையில் அவசரத்தில் கேனை மாத்தி எடுத்து ஊத்தினேன். நானேதான், வேற யாரும் இல்ல. இருபது நிமிஷம் நல்லா ஓடிச்சு. வழக்கத்தைவிடக் கூர்மையாக் கூட ஓடின மாதிரி இருந்தது. அப்புறம் வாழைக்கு நடுவில் ஒரு கிறீச் சத்தம், நின்னுபோச்சு. கயிறை இழுத்தா அசையலை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடிச்சிருந்தது. அதுக்கு வயசு ஏழு மாசம். ஓடினது நாப்பது மணி இருக்கும். இப்ப ரெண்டு கேனுக்கும் வேற வேற நிறம். சிவப்பில் கலந்தது, வெள்ளையில் வெறும் பெட்ரோல். இந்த ஞானத்துக்கு ஒரு ஸ்பிரேயர் விலை.

என் அத்தை மகன் மாதிரி வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிறவங்களுக்கு வேற ஆபத்து இருக்கு. ஓடித் தேயுறதில்லை, சும்மா கிடந்து கெடுறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் பத்து சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் இருபது சதவீதத்துக்கு வந்திருக்கு. எத்தனால் காத்தில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். கார் தினமும் ஓடுது, டாங்கில் பெட்ரோல் மாறிக்கிட்டே இருக்கு, தெரியாது. சின்ன மிஷினில் நாலு மாசம் அப்படியே கிடந்தா கார்புரேட்டருக்குள் பச்சையும் பழுப்புமா பசை பிடிக்கும், ரப்பர் பாகங்கள் உப்பும், முறுகும். குமரிக்கடல் பத்து கிலோமீட்டரில், பழையாறு பக்கத்தில், ரெண்டு பருவ மழையும் பெய்யிற எங்க ஊர் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். வேலை முடிஞ்சதும் டாங்கை வடிச்சிட்டு, தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டு வச்சா பாதி நோய் வராது. அஞ்சு நிமிஷ வேலை. யாரும் செய்யிறதில்லை. ஊருக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாயிரும்.

இன்னொண்ணு எண்ணெய். தோளில் மாட்டுற ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், 35 சிசி வகைக்கு, மொத்தமே நூறு மில்லிதான் எண்ணெய். ஒரு சின்ன டீ கிளாஸ். புதுசுக்குப் பத்து மணியில் ஒரு தடவை, அப்புறம் அம்பது மணிக்கு ஒரு தடவை அல்லது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லி புத்தகத்தில் போட்டிருக்கும். களை எடுக்கிற வீடரில் இருக்கிற 160 சிசி வகைக்கு அரை லிட்டரும் கொஞ்சமும்; முதல் தடவை இருபது மணி, அப்புறம் நூறு மணிக்கு ஒரு தடவை. அந்தச் சின்ன டீ கிளாஸ் எண்ணெய்தான் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்தையும் தாங்குது. அதில் பாதி எரிஞ்சுபோனாலும் வெளியே ஒண்ணும் தெரியாது, சத்தம் மாறாது.

சரி, டில்லருக்கு வாறேன்.

எங்க வயலில் எஞ்சினுக்கு ரெண்டு எதிரி. கன்னிப்பூவுக்குச் சித்திரையில் பொடி விதைப்பு. காஞ்ச மண்ணைப் பொடியா உழுது விதைக்கிறது. டில்லர் போற வழியெல்லாம் செம்மண் புகை எழும்பும். பின்னால் நடக்கிறவனுக்கு மீசை சிவந்துபோகும். அந்தப் புகையைத்தான் எஞ்சினும் மூச்சா இழுக்குது. கும்பப்பூவுக்குத் தொளி. முழங்கால் சேத்தில் ரோட்டரி சுத்தும், பெரியகுளத்துக் கொக்கெல்லாம் புழு பொறுக்கப் பின்னாலேயே வரும், பாக்க அழகா இருக்கும். ஆனா சேறு தெறிச்சு ரேடியேட்டர் வலையை அடைக்கும், எஞ்சின் சூடாகும், சீலுக்குள் சேறு ஏறும். ஒரு பூவுக்குப் புழுதி, ஒரு பூவுக்குச் சேறு. ரெண்டில் எது மோசம்னு அண்ணாச்சியைக் கேட்டேன். யோசிக்காமச் சொன்னார்: "பொடிதான். சேறு வெளியே நிக்கும், கழுவிரலாம். பொடி உள்ளே போயிரும்."

கழட்டின லைனரை என் கையில் தந்து, "நகத்தால மேல தடவிப் பாரு" என்றார். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் தட்டி நின்னது. பிஸ்டன் வளையம் ஏறி இறங்கின இடம் முழுக்கத் தேய்ஞ்சு, வளையம் தொடாத இடம் மட்டும் திட்டா நின்னிருந்தது. டீசலுக்கு பிளக் கிடையாது; காத்தை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பத்தணும். இடைவெளி வந்தா அழுத்தம் நிக்காது, சூடு வராது, எத்தனை சுத்தினாலும் பிடிக்காது. போன ஒரு வருஷமாவே காலையில் கிளப்ப மூச்சு முட்டும், நீலப் புகை வரும், வாரத்துக்கு அரை லிட்டர் எண்ணெய் குறையும். எல்லாம் தெரியும். இந்தப் பூ ஓடட்டும், அடுத்த பூவில் பாத்துக்கலாம்னு ஓட்டிக்கிட்டிருந்தேன்.

"எத்தனை மணி ஓடியிருக்கும்?" என்று அண்ணாச்சி கேட்டார். எனக்குத் தெரியலை. டில்லரில் மணி காட்டுற மீட்டர் கிடையாது. வீட்டுக்கு வந்து அப்பாவோட நோட்டுகளை எடுத்தேன். 2011 ஐப்பசியில் டில்லர் வாங்கின நாளிலிருந்து, 2019-ல் அவர் இறக்கிற வரைக்கும், எந்த வயல், எத்தனை மணி, யார் எவ்வளவு தரணும் என்று எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கார். கூலிப் பணம் மறந்துபோகக் கூடாதுன்னு எழுதினது. நடுநடுவில் "எண்ணெய் மாத்தி", "ஏர் கிளீனர் கழுவி" என்றும் இருக்கு. ஒரு ராத்திரி உக்காந்து கூட்டினேன். எட்டு வருஷம், பதினாறு பூ, 2,140 மணி. எண்ணெய் மாத்தினது இருபத்திரெண்டு தடவை. கிட்டத்தட்ட நூறு மணிக்கு ஒண்ணு.

2019-க்கு அப்புறம் நோட்டு வெறுமை. கூலி எல்லாம் இப்ப போனில் வருது, எழுத வேண்டிய தேவை இல்ல. நானா யோசிச்சுப் பாத்தா ஆறு வருஷத்தில் ஆயிரத்து நூறு மணி ஓடியிருக்கும். எண்ணெய் மாத்தினது? மெக்கானிக் கடை பில்லை வச்சுப் பாத்தா நாலு. ஏர் கிளீனர் கிண்ணத்தை அண்ணாச்சி திறந்தபோது அடியில் எண்ணெய்க்குப் பதிலா களிமண் உருண்டை மாதிரி இருந்தது. அதை அவர் என்கிட்ட காட்டலை. பேசாம மண்ணெண்ணெய் வாளியில் போட்டார். அதுதான் எனக்கு அதிகமா உறைச்சது.

மொத்தம் 3,200 மணி சொச்சம். அண்ணாச்சி கணக்குப்படி பாஸ் மார்க். ஆனா முதல் 2,140-ஐயும் பின்னால் வந்த ஆயிரத்து நூறையும் ஓட்டினது ஒரே மாதிரி இல்ல என்பது எனக்கும் அவருக்கும் தெரியும்.

இனி என்ன செய்யிறது? மூணு வழி. லைனர், பிஸ்டன், வளையம், பேரிங் மாத்திப் பூட்டுறது. எஞ்சினை மட்டும் புதுசா வாங்கி வைக்கிறது. அது புது டில்லர் விலையில் பாதிக்குக் கிட்ட வருது. இல்லேன்னா இதை வித்துட்டு, வேளாண் பொறியியல் துறையில் மானியத்துக்கு எழுதிப்போட்டுப் புது டில்லர் எடுக்கிறது. மத்திய அரசு இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு பாதி வரைக்கும் மானியம் உண்டு, மத்தவங்களுக்கு நாப்பது சதவீதம். நல்ல திட்டம்தான். ஆனா விண்ணப்பம் நகர்ற வேகத்துக்கு நாத்து காத்திருக்காது.

என் மச்சினன் புது எஞ்சின் கட்சி. "பழசுல காசு கொட்டாதீங்க அத்தான், போனையே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறோம்" என்றான். அண்ணாச்சி பதில் சொல்லாம கிராங்க்‌ஷாஃப்டை லேத்தில் அளக்கக் கொண்டுபோனார். வந்து, "கிராங்க் நல்லாருக்கு. கியர்பாக்ஸ் சத்தமில்ல. இது இன்னும் ரெண்டாயிரம் மணி உழும். கிராங்க் போயிருந்தா நானே மாத்தச் சொல்லியிருப்பேன்" என்றார். எனக்கு அது போதும். கிராங்க் கெடாதவரை பூட்டு, கெட்டா மாத்து. இதைவிடத் தெளிவா யாரும் எனக்குச் சொன்னதில்ல.

பூட்ட முடிஞ்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டில்லர் எஞ்சின்களோட பிறப்பு பழசு. 1967-ல் பெங்களூரில் மிட்சுபிஷி கூட்டோடு தொடங்கின வி.எஸ்.டி.யும், 1973-ல் கேரளத்தில் அத்தாணியில் தொடங்கி குபோட்டா தொழில்நுட்பத்தில் டில்லர் செஞ்ச கேம்கோவும்தான் இந்தப் பக்கம் டில்லரைப் பரப்பினது. அடிப்படை அமைப்பு பெரிசா மாறலை, அதனால் பாகம் கிடைக்குது. ஆன்லைனில் பேரே கேள்விப்படாத வீடர் வாங்கினவங்க ஒர்க்‌ஷாப் மூலையில் நாலு கிடக்கு. எஞ்சின் சாகலை, ஒரு சின்னப் பாகம் கிடைக்கலை. அண்ணாச்சி சொல்ற சூத்திரம்: சைனா எஞ்சினா இருந்தாலும் 168, 170-ன்னு நம்பர் போட்டதா பாத்து வாங்கு, அதுக்கு எந்தக் கடையிலும் பாகம் உண்டு.

பாகம் கிடைச்சா மட்டும் போதாது, பூட்ட ஆள் வேணும். அண்ணாச்சி கடையில் முன்னே மூணு பசங்க நின்னாங்க. ஒருத்தன் வளைகுடா போனான், ஒருத்தன் பைக் ஷோரூமுக்கு, ஒருத்தன் எங்கேன்னு அவரும் சொல்லலை. இப்ப அவரே குனிஞ்சு போல்ட்டு முறுக்குறார். முறுக்கும்போது கை நடுங்குது, ஆனா முறுக்கினது சரியா நிக்குது. இவருக்கு அப்புறம் இந்த எஞ்சினை யார் திறப்பாங்கன்னு நான் கேக்கலை.

லைனர் நாலாம் நாள் வந்தது. கூட வந்த பிஸ்டன் வேற அளவு. திருப்பி அனுப்பி வேற வர இன்னும் அஞ்சு நாள். எஞ்சின் பூட்டி வயலில் இறங்கும்போது நாத்துக்கு வயசு இருபத்தாறு. பக்கத்து வயல்காரங்க மூணு பேரில் ஒருத்தர் பொறுக்க முடியாம தேரூரிலிருந்து வேற டில்லர் கூப்பிட்டுட்டார். அவர்மேல் தப்பு இல்ல. மத்த ரெண்டு பேருக்கும் முதலில் அடிச்சுக் கொடுத்துட்டு, என் வயலைக் கடைசியில் அடிச்சேன். என் நாத்து முப்பத்தோரு நாளில் நட்டது. குத்துக்கு ரெண்டு நாத்து கூடுதலா வச்சு நடச் சொன்னேன்.

புது லைனருக்கு முதல் சில மணி நேரம் முழுப் பாரம் தரக் கூடாது. வளையமும் லைனரும் ஒண்ணுக்கொண்ணு பழகணும். மெதுவாத்தான் ஓட்டினேன், அதனால் இன்னும் ஒரு நாள் கூடுதலாப் போச்சு. இருபத்தஞ்சாவது மணியில் எண்ணெயை வடிச்சேன். வெயிலில் பாத்தா வெள்ளிப் பொடி தூவின மாதிரி மின்னுது. அது சரிதான், பழகினதுக்கு அடையாளம் என்றார் அண்ணாச்சி.

அத்தை மகன் திரும்பக் கூப்பிட்டான். வாங்கட்டுமான்னு கேட்டான். வாங்காதே, வருஷத்துக்கு ரெண்டு தடவை வெட்ட என் மிஷினே போதும், வரும்போது எடுத்துக்கோ, வெள்ளைக் கேன் பெட்ரோல்தான் ஊத்தணும்னு சொன்னேன்.

அப்பாவோட கடைசி நோட்டில் இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. அவர் நிறுத்தின இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினேன்: "குளத்தடி வயல், 5 மணி. எண்ணெய் மாத்தி. ஏர் கிளீனர் கழுவி."